கயலுக்கு, பேரன் பல் விஷயமாக

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பயலுக்கு மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைக் கோடு. கடைவாயில் ஒன்று குழியே விழுந்துவிட்டது. இரண்டும் சொத்தைதான், வைத்தியம் வேறு.

வெள்ளைக் கோடு ஆரம்ப நிலை. வாயில் பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். அமிலம் அடங்கியதும் எச்சில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஃப்ளோரைடு இருந்தால் அது வேகமாக நடக்கும். மேல்பரப்பு உடையாதவரை பல்லைக் குடையும் மெஷின் வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் (பல்லில் ஒட்டிக்கொள்ளும் பூச்சு மருந்து) தடவச் சொல். வீட்டில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு. துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். ராத்திரி பால்புட்டியோடு தூங்குகிறானே, அதை நிறுத்தாமல் எதைத் தடவியும் பிரயோஜனமில்லை. சம்பந்தியம்மா வருத்தப்பட்டால் நான் சொன்னதாகச் சொல்லிவிடு.

குழி தானாக மூடாது. எண்ணெய் கொப்பளித்தால் பல் வளரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே. ஆனால் மேலே பரவாமல் நிறுத்தலாம். உங்கள் டாக்டர் சொன்ன எஸ்டிஎஃப் அதற்குத்தான்: 38 சதவீத சில்வர் டயமின் ஃப்ளோரைடு. ஊசி கிடையாது. பல்லைத் துடைத்து, குட்டி பிரஷ்ஷால் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் விட்டால் ஆயிற்று. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு பல்லை இறுக்கும். ஜப்பானில் பல பத்தாண்டுகளாகத் தடவுகிறார்கள். அமெரிக்காவில் 2014-ல்தான் அனுமதி, அதுவும் பல் கூச்சத்துக்கென்று. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எஸ்டிஎஃப் தடவினால் சொத்தை கன்னங்கரேலென்று கறுக்கும். கறுத்துக் கெட்டியானால் நின்றுவிட்டது என்று அர்த்தம். மாப்பிள்ளை முகம் சுளிக்கிறார் என்கிறாய். கடைவாய்ப் பல்லை யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? நாலு வயசுப் பிள்ளையை அமுக்கிப் பிடித்து மெஷின் போடுவதை என் கிளினிக் நாட்களில் நிறையப் பார்த்தாயிற்று; அப்புறம் அதுகள் டாக்டரைக் கண்டாலே வாயைத் திறக்காது. பால்பல்தானே என்றும் விட முடியாது, அந்தப் பல் விழப் பத்து வயசாகும். ஆறு மாதத்தில் இன்னொரு தரம் தடவ வேண்டியிருக்கும்.

ராத்திரி வலித்து எழுந்தாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் கண்டாலோ இது உதவாது, சொத்தை நரம்புவரை போயிருக்கும். உடனே காட்டு. வெள்ளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது கூடாது.

எஸ்டிஎஃப் தடவும் அன்றைக்குப் பழைய சட்டை போட்டுக் கூட்டிப்போ, துணியில் பட்டால் கறை போகாது. கன்னத்தில் பட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும், தேய்க்காதே.

அப்பா