வெள்ளிக்கிழமை இரவுகளில் துணை நின்றவர்களுக்கு

ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த மே மாதத்தோடு உயர்நிலைப் பள்ளி அத்லெட்டிக் டிரெய்னர் வேலையை முடித்துக்கொள்கிறேன். பள்ளியில் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனால் எனக்குத் தோள் கொடுத்தவர்களில் பாதிப் பேர் நீங்கள். உங்களுக்குத் தமிழில் சொன்னால்தான் மனசு நிறையும்.

ஆட்டம் சொல்லித் தருவது கோச்சின் வேலை. பிள்ளைகளுக்கு அடிபடாமல் பார்ப்பது, அடிபட்டால் முதல் ஆளாக ஓடுவது, தேறி மறுபடி களத்தில் இறங்கும்வரை கூடவே இருப்பது எங்கள் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் கணுக்கால்களுக்கு டேப் சுற்ற ஆரம்பித்தால், அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் முடிந்து ஐஸ் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் நள்ளிரவாகிவிடும். அந்த இரவுகளில் என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்தவர் என் மாமியார். ஊரையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு எங்களுக்காக வந்து இருந்தீர்கள் அத்தை. "போன காரியத்தைப் பாரு, இங்கே நான் இருக்கேன்" என்ற உங்கள் ஒரு சொல்லில்தான் நிம்மதியாக வேலை பார்த்தேன். அவர் ஊருக்குப் போன மாதங்களில் அந்தப் பொறுப்பைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார் அடுத்த தெரு அக்கா. பிள்ளைகளுக்கு அவர் வீட்டு ரசம்தான் இன்றைக்கும் ரசம்.

கோவையில் பிசியோதெரபி படித்துவிட்டு, கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில் வந்து, வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி படிக்கச் சொல்லி விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தவர் என் கணவர். படிப்பில் என்னை வழிநடத்திய பேராசிரியையும் மறக்க முடியாது. பெண் பிள்ளைகளுக்கும் விளையாட்டில் இடம் கொடுக்க வேண்டும் என்ற டைட்டில் நைன் சட்டம் வந்ததே 1972இல்தான். இந்தத் துறையில் பெண்கள் அரிதாக இருந்த நாட்களில் உள்ளே வந்தவர் அவர். தேசிய அத்லெட்டிக் டிரெய்னர்கள் சங்கத்துக்கு 2000இல் ஒரு பெண் முதன்முறையாகத் தலைவரானதைப் பெருமையோடு சொல்வார். களத்தில் குரலை உயர்த்தாமல், ஆனால் உறுதியாக "இவன் இன்று ஆட மாட்டான்" என்று சொல்லக் கற்றுத்தந்தவரும் அவர்தான்.

அடுத்து, எங்கள் பள்ளியின் பராமரிப்புப் பணியாளர், மெக்சிகோவிலிருந்து வந்த பெரியவர். ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயில் உங்களுக்குத் தெரியும். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே மைதான ஓரத்தில் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் ஐஸ் மூட்டைகளை அடுக்கி வைப்பார். தொட்டிக்கு வேலையில்லாமல் போன நாட்களே அதிகம். ஆனாலும் ஒரு நாள்கூட அவர் விட்டதில்லை. ஒரு நாள் பயிற்சியின் கடைசியில் ஒரு பையன் தள்ளாடினான். சம்பந்தமில்லாமல் பேசினான், நண்பனையே தள்ளிவிட்டான். உடம்பெல்லாம் வியர்வை. வெப்பத்தாக்கு என்றால் தோல் காய்ந்திருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஓடி விளையாடும் பிள்ளைக்கு உடம்பு நனைந்தேதான் இருக்கும். நெற்றியில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டரையும் நம்பக் கூடாது. உள் வெப்பம் 104 டிகிரியைத் தாண்டியிருந்தது. கவசத்தைக் கழற்றி, தொட்டியில் இறக்கி, இரண்டு அக்குளுக்கும் அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தலை மூழ்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார் உதவி கோச். பெரியவர் ஐஸைக் கொட்டிவிட்டுத் துடுப்புக் கட்டையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடேறி அப்படியே நின்றுவிடக் கூடாது, அதற்காக.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் அவசரப்பட்டு அவனைத் தூக்கியிருக்கலாம். "முதலில் உடம்பைக் குளிரவைப்போம், அப்புறம் கொண்டு போகலாம்" என்றேன். 102 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுத்திருந்தார்கள். தள்ளாடி விழும் முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரவைப்பதில்தான் உயிர் இருக்கிறது. அவன் பிழைத்தான், அடுத்த வருடம் பள்ளிப் படிப்பையும் முடித்தான். அந்தப் பெரியவருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஃபுட்பால் தலைமைக் கோச்சுக்கும் ஒரு பெரிய நன்றி. ஒரு முக்கியமான ஆட்டத்தில், அணியின் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குக்குத் தலையில் அடி. கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னான். கன்கஷன், அதாவது அடியில் மூளை அதிர்ந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அன்று ஆட விடக் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் 2011 முதல் சொல்கிறது. ஆனால் கூட்டம் கத்தும்போது சட்டத்தை நினைவில் வைப்பவர்கள் குறைவு. அவன் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். கோச் என்னிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. பையனின் ஹெல்மெட்டை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். ஹெல்மெட் என் கையில் இருந்தால் பையன் நழுவிக் களத்துக்கு ஓட முடியாது. அன்று தோற்றோம். அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

மார்ச்சிங் பேண்டு பெற்றோர்களே, ஜூலையிலேயே வெயிலில் டிரம்மோடு நடக்கும் பிள்ளைகளையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கூடவே வந்தீர்கள். நன்றி.

கடைசியாக, நம் தமிழ் அம்மா ஒருவருக்கு. விளையாட்டில் சேரும் முன் நிரப்பும் மருத்துவப் படிவத்தில், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்தார்களா என்று ஒரு கேள்வி உண்டு. நம்மவர்கள் பலர் அதில் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள், பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில். இவர் தன் தம்பி கல்லூரி நாட்களில் ஓடும்போது விழுந்து இறந்ததை எழுதினார். பையனை இதய மருத்துவரிடம் அனுப்பினோம். இதயத் தசை தடித்திருந்தது தெரிந்தது. ஓட்டத்தை விட்டுவிட்டு அவன் என் அறைக்கு மாணவ உதவியாளனாக வந்தான், இரண்டு வருடம் எனக்கு வலது கையாக இருந்தான். அக்கா, அந்த நாலு வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் புதிய டிரெய்னர் வருகிறார். நல்ல பெண். அவரிடம் கொடுக்கும் படிவத்திலும் எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் பிள்ளைகளின் டிரெய்னர்