காலிக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கணக்காய்வு வேலைக்காக என்னை அடிக்கடி தென்னிலங்கையின் காலி நகருக்கு அனுப்புவார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து போகும் எங்களில் பலர் வேலை முடிந்த கையோடு ரயில் பிடித்துத் திரும்பிவிடுகிறோம். அண்மையில், சரி, அடுத்த ரயிலில் வருவோம் என்று காலிக் கோட்டைக்குள் போனேன். ஸ்டேஷனில் இருந்து நடை தூரம்தான். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த மதில், 1755ஆம் ஆண்டுத் தேவாலயம், வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல். கடல்காற்று இலவசம், கோப்பி அப்படியல்ல.

ஆனால் காலியில் தமிழர் அவசியம் பார்க்க வேண்டிய பொருள் காலியில் இல்லை, நம் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீனப் பகுதி புத்தருக்கான காணிக்கைகளைச் சொல்கிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கானவற்றை. தமிழ்ப் பகுதியோ தென்கரைத் தெவிநுவரவில் கோயில் கொண்ட தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்குரியது. இந்தக் கடற்கரை வணிகத்தில் அன்று தமிழ் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகை மூடும் கல்லாகக் கிடந்ததாம்!

கொழும்புப் பாடசாலைகள் காலிக்குச் சுற்றுலா போகும் பஸ்ஸை முதலில் நூதனசாலை வாசலில் நிறுத்தலாம். உங்கள் ஞாயிறு இதழில் அந்தத் தமிழ்ப் பகுதியைப் படத்தோடு வெளியிட்டால் ஆசிரியர்களுக்கும் உதவும்.

கணக்காய்வு உத்தியோகத்தர் ஒருவர்,
வெள்ளவத்தை