நோன்பும் நோம்பியும்

சேலம்,
ஆடி மாதம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். மகள் அனுப்பிய மைசூர்பாகு வாயில் கரைந்தது என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே தாளில் எழுத உன்னால்தான் முடியும்.

உன் பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆம்பூரில் எதிர்வீட்டுப் பையன் ரம்ஜானுக்கு நோன்பு 'பிடிக்கிறான்'. உங்கள் வீட்டில் சஷ்டி விரதம் 'இருக்கிறீர்கள்'. சபரிமலைக்குப் போகிறவர் மாலை 'போடுகிறார்', மாரியம்மனுக்குக் காப்பு 'கட்டுகிறோம்'. தானாக விரும்பி ஒன்றை விலக்கி வைப்பதற்கென்று தமிழில் சொந்தமாக ஒரு வினை கிடையாதா என்கிறான். கெட்டிக்காரன்!

உண்டு என்று சொல். 'நோல்' என்பது அந்த வினை: நோற்கிறான், நோற்றான், நோற்பான். நோன்பு அதில் பிறந்த பெயர்தான். இன்றைக்கு எழுத்தில் 'நோன்பு நோற்றார்' என்று எப்போதாவது கண்ணில் படுகிறது. பேச்சில் நாம் பெயரை வைத்துக்கொண்டு வினையைத் தொலைத்துவிட்டோம். அந்த இடத்தில்தான் இரு, பிடி, கட்டு, போடு எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

'அடக்கு' இருக்கிறதே என்பாய். இருக்கிறது, எனக்குத்தான் அதன்மேல் பிரியமில்லை. காளையை அடக்குகிறார்கள், கலவரத்தை அடக்குகிறார்கள். அடக்க எதிரே ஒருவர் வேண்டும். 'அடங்கு' என்றாலும் பயத்தில் அடங்கினானா, பக்குவத்தில் அடங்கினானா என்று தெரியாது. போதாததற்குப் பிணத்தையும் அடக்கம் செய்கிறோம். வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனாலும் 'அடங்கு' என்று இன்னொருவரைப் பார்த்து அதட்டிவிடலாம். 'நோல்' என்று யாரும் யாரையும் அதட்டியதாக நான் படித்ததில்லை. அது அவரவர் தாமாக எடுத்துக்கொள்வது.

அதன் பழைய பொருள் பொறுத்தல். 'உற்றநோய் நோன்றல்' என்று வள்ளுவர் தவத்துக்கு இலக்கணம் சொல்கிறாரே, தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவது என்றுதானே அங்கே பொருள்? வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த குறள் இன்னொன்று, 160ஆவது:

உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும்
இன்னாச்சொல் நோற்பாரின் பின்.

பட்டினி கிடப்பதற்கும் பிறர் சுடுசொல்லைப் பொறுப்பதற்கும் ஒரே வினை. அதிலும் பட்டினிக்காரருக்கு இரண்டாம் இடம்தான். சஷ்டியன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துகொண்டு மருமகளைப் பிடுங்கி எடுக்கும் நம் தோழி ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு இதை எழுதி அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். வேண்டாம். நானும் கொஞ்சம் நோற்கிறேன்.

இங்கே வந்து பார்த்தால் உன் பேரன் இன்னும் குழம்புவான். சேலத்துக்கு மேற்கே சங்ககிரி, எடப்பாடி பக்கம் போனால் பண்டிகைக்கே 'நோம்பி' என்றுதான் பெயர். நோன்பு என்று கிளம்பிய சொல் விருந்தில் வந்து நிற்கிறது! ஆடி முதல் நாள் எங்கள் தெருவில் தேங்காய் சுட்டோம். குடுமியையும் நாரையும் எடுத்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, வறுத்த பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் எல்லாவற்றையும் அந்தச் சின்னத் துளை வழியே திணிக்க வேண்டும். பிள்ளைகள் பாதியை வாயிலும் மீதியைத் தேங்காயிலும் போட்டார்கள். பிறகு அழிஞ்சில் குச்சியைத் துளையில் செருகி, மஞ்சள் பூசி, நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டினோம். ஓடு கருகி வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், வெல்லம் உருகிப் பருப்போடு தேங்காயில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீ இல்லாததும் நல்லதுதான், உன் சர்க்கரைக்கு.

விரதச் சொல் இப்படிச் சீரழிந்துவிட்டதே என்று முதலில் நினைத்தேன். ஆண்டாளை எடுத்துப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. திருப்பாவை இரண்டாம் பாட்டில் விலக்கி வைப்பவற்றை 'நெய்யுண்ணோம் பாலுண்ணோம்' என்று அடுக்கத் தொடங்குகிறாள். மையிட மாட்டோம், பூ முடிய மாட்டோம், 'தீக்குறளைச் சென்றோதோம்', கோள் சொல்லவும் மாட்டோம். குறளில் போலவே இங்கும் சாப்பாட்டோடு சொல்லும் கணக்கில் வருகிறது! இருபத்தேழாம் பாட்டுக்கு வந்தால் பாற்சோறு மூட நெய் பெய்து, அது முழங்கை வழியே ஒழுக, எல்லாரும் 'கூடியிருந்து குளிர்ந்து' உண்கிறார்கள். விருந்தும் நோன்பின் ஒரு பகுதிதான் அவளுக்கு. அந்தக் கணக்கில் நம் மேற்குப் பக்கத்து மக்கள் கடைசிப் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 'மாட்டோம்' என்று அவள் சொல்வதெல்லாம் பன்மையில் என்பதையும் கவனி. தனியாக வைராக்கியம் காட்டுவதைவிடத் தோழிகளோடு சேர்ந்து விலக்கி வைப்பது சுலபம் போலும்.

ஆகவே, நீ மைசூர்பாகை விடுவதாக இருந்தால் எழுது, நானும் ராத்திரிச் சோற்றை விட்டுவிடுகிறேன். என் முழங்கால் அதற்கு நன்றி சொல்லும்.

மற்றபடி எல்லாரும் நலம். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியாகிவிட்டது, இங்கே குகை என்ற பேட்டைப் பக்கம், வேடம் போட்டு அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கைக்கு இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. ஏற்காட்டில் தினமும் தூறல் என்கிறார்கள். நீ கேட்ட காப்பிப் பொடியை மலையிலிருந்து இறங்கும் பையனிடம் சொல்லியிருக்கிறேன். சிக்கரி கலக்கவா, வேண்டாமா என்று நீ எழுதவே இல்லை. பதிலில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜி