முதலில் பார்ட்டுகளை அச்சிடுங்கள்: செர்பிய இசையைப் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செர்பியக் கலாச்சார அமைச்சகத்தாருக்கும் செர்பிய இசையமைப்பாளர் சங்கத்தாருக்கும்,

வணக்கம். இம்மடல் தமிழில் இருப்பதால், உங்கள் மேசைக்கு வருமுன் யாரோ ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்தாக வேண்டும். நாங்கள் கேட்கப்போவதும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான். எழுதி முடித்த இசைக்கும் அதை வாசிக்கப்போகும் வெளியூர்க் கலைஞருக்கும் நடுவே ஒருவர் பொறுமையாகச் செய்து முடிக்க வேண்டிய வேலை அது: ஒவ்வொரு கலைஞரும் தன் பங்கை மட்டும் பார்த்து வாசிக்கும் தாள்களை, அதாவது பார்ட்டுகளை, ஒழுங்காகத் தயாரிப்பது.

2024இல் இசையமைப்புக்கான அமெரிக்காவின் கிராவமையர் விருது ‘மிஸ்ஸா சூப்ராடெக்ஸ்ட்’ என்ற படைப்புக்காக அலெக்சாந்திரா வ்ரெபாலொவுக்குக் கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு முன், 2014இல், அதே விருதை ஜூரோ ஷிவ்கொவிச் வாங்கினார். எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் அறக்கட்டளை இளம் இசையமைப்பாளர்களுக்குத் தரும் பரிசு 2013இல் மார்கோ நிகோதியெவிச்சுக்கும் 2016இல் மிலிட்சா ஜோர்ஜெவிச்சுக்கும் போனது. எழுபது லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாட்டில் பிறந்தவர்கள் இவர்கள். திறமையைப் பற்றி இனி யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இவர்கள் இருக்கும் இடங்களைப் பாருங்கள். வ்ரெபாலொவ் நியூயார்க்கில், ஷிவ்கொவிச் ஸ்டாக்ஹோமில், மற்ற இருவரும் ஜெர்மனியில். ‘ஸ்வாத்பா’ ஓபராவை (பாடி நடிக்கும் இசை நாடகத்தை) எழுதிய ஆனா சொகொலொவிச் மொன்றியாலில். பெல்கிராடிலேயே வாழ்ந்து, பெல்கிராடிலேயே பாடம் நடத்தி, வெளிநாட்டு மேடைகளைத் தொடர்ந்து பிடித்தவர் என்று எங்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் இசிதோரா ஷெபெல்யான். அவருடைய ‘ஸோரா டி’ 2003இல் ஆம்ஸ்டர்டாமில் அரங்கேறியது. 2008இல் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் விழாவில் இன்னோர் ஓபரா. 2020இல் மறைந்த அவருக்கு ரிகோர்தி என்ற பெரிய இத்தாலியப் பதிப்பகம் துணை இருந்தது. ஓர் இசைக்குழு அவர் படைப்பைக் கேட்டால் ஸ்கோரும் (எல்லாக் கருவிகளின் பங்கும் ஒன்றாக எழுதிய முழுத்தாள்) பார்ட்டுகளும் ஒப்பந்தமும் பதிப்பகத்திலிருந்து வரும். இதைத் தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. செர்பிய இசை வெளியே போகிறதா இல்லையா என்பதை கலைஞர் முன் இருக்கும் ஸ்டாண்டில் வைக்கத் தகுந்த நோட்டு (எழுதிய இசைக்குறிகள்) இருக்கிறதா என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. தூதரக வரவேற்புகளுக்கும் குழுப் பயணங்களுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது இந்தப் பக்கம் திருப்புங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

செர்பியா அப்போது அங்கம் வகித்த யுகோஸ்லாவியாமீது 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 757ஆம் தீர்மானம் விமானங்களையும் வணிகத்தையும் மட்டுமல்ல, கலாச்சாரப் பரிமாற்றத்தையும் நிறுத்தச் சொன்னது. அதே 1992இல்தான் உங்கள் சங்கம் பெல்கிராடில் சர்வதேச இசையமைப்பாளர் அரங்கு என்ற விழாவைத் தொடங்கியது. கதவு அடைபட்ட ஆண்டில் சன்னலைத் திறந்து வைத்த துணிவை நாங்கள் மதிக்கிறோம். அந்தத் தடை 1994இல் தளர்ந்தது. ஆனாலும் இடையில் அறுந்த பதிப்பகத் தொடர்புகளும் வானொலித் தொடர்புகளும் தாமாக ஒட்டிக்கொள்ளக் கூடியவை அல்ல.

இனி பார்ட்டுகளுக்கு வருகிறோம். சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், சிக்கல் எல்லாம் இங்கேதான்.

15 நிமிட ஆர்கெஸ்ட்ரா படைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மர ஊதுகருவிகள் 8, பித்தளை ஊதுகருவிகள் 10, டிம்பானி முரசு 1, மற்றத் தாளக் கருவிகள் 2, ஹார்ப் 1 என்றால் 22 பார்ட்டுகள். தந்திப் பிரிவில் 16, 14, 12, 10, 8 பேர், ஸ்டாண்டுக்கு இருவர் என்றால் 30 பிரதிகள். மொத்தம் 52 ஸ்டாண்டுகளில் தாள் வைக்க வேண்டும். முதல் ஒத்திகைக்கு இரண்டு மாதம் முன்பே இது இசைக்குழுவின் நூலகரிடம் போய்ச் சேர வேண்டும். வில்லை எந்தத் திசையில் இழுப்பது என்ற குறிகளை முதல் வயலின் தலைவர் போட்டு, அதை 30 பிரதிகளிலும் ஏற்ற அவ்வளவு காலம் தேவை. கடைசி வாரத்தில் மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப்பை நூலகர் தன் அலுவலக அச்சுப்பொறியில் ஏ4 தாளில் எடுப்பார். பி4 அளவில் வடிவமைத்த பக்கம் ஏ4க்குள் போகும்போது 84 விழுக்காடாகச் சுருங்கும். இசைக்குறிகளைத் தாங்கும் ஐந்து கோடுகளின் உயரம் 7.5 மில்லிமீட்டராக இருந்தது 6.3 ஆகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, இருவர் ஒரே தாளைப் பார்க்கும் தந்திக் கலைஞர்களால் அதைப் படிக்க முடியாது. தந்திக்கு 8 மில்லிமீட்டர், ஊதுகருவிக்குக் குறைந்தது 7.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம் கனம் இருக்கட்டும். மெல்லிய தாளில் பின்பக்க நோட்டு முன்னால் தெரியும், விளக்கொளியில் இன்னும் மோசம்.

பக்கம் திருப்பும் இடம் இன்னொரு தொல்லை. தந்திப் பிரிவில் உள்ளே உட்கார்ந்தவர் திருப்பும்போது அந்த ஸ்டாண்டின் ஒலி பாதியாகும். எல்லா ஸ்டாண்டுகளும் ஒரே பாரில் (தாளக் கட்டத்தில்) திருப்பினால் அந்த இடத்தில் பிரிவே மெலிந்து கேட்கும். ஊதுகருவிக்காரருக்கோ ஓய்வு இருந்தால்தான் கை விடுபடும். மென்பொருள் தானாகப் பிரித்துத் தரும் பார்ட்டில் இந்தக் கவலை எதுவும் இருக்காது. மனிதர் ஒருவர் உட்கார்ந்து சரிசெய்தாக வேண்டும்.

பிழைகளுக்கும் கணக்கு உண்டு. ஒத்திகையில் ஒரு தவறான நோட்டைக் கண்டுபிடித்து, ஸ்கோரோடு ஒப்பிட்டு, பென்சிலால் திருத்த ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள். 30 பிழை இருந்தால் 45 நிமிடம். புதுப் படைப்புக்கு மொத்தமே இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. எஞ்சியதில் எவ்வளவு நல்ல குழுவும் நோட்டைத்தான் வாசிக்கும், இசையை வாசிக்காது. மறுநாள் விமர்சகர் ‘தெளிவில்லாத படைப்பு’ என்று எழுதுவார். பழி இசையமைப்பாளருக்குப் போகும்.

உங்கள் இசைக்கே உரிய சில குறிப்புகளும் உண்டு. ஏழு எட்டு (7/8) தாளத்தில் எழுதினால் 3+2+2ஆ, 2+2+3ஆ என்று ஒவ்வொரு மாற்றத்திலும் கோடுகளுக்கு மேலே போடுங்கள். பெல்கிராட் கலைஞருக்குக் காதால் தெரிவது ஓஸ்லோ கலைஞருக்குத் தெரியாது. செர்பிய மொழியில் எழுதிய வாசிப்புக் குறிப்புகளுக்கு இத்தாலியச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ அருகில் இருக்கட்டும். குஸ்லே என்ற வில் கருவி, ‘காவல்’ என்ற குழல் போன்ற நாட்டுக் கருவி கேட்டால், அது கிடைக்காவிட்டால் எதை வாசிக்கலாம் என்பதையும் இசையமைப்பாளரே எழுதித் தரட்டும்.

குரலிசையில் மொழியைத் தடையாகக் கருத வேண்டியதில்லை. ஆறு பெண் குரல்களுக்கு எழுதிய, 2011இல் டொரன்டோவில் அரங்கேறிய ‘ஸ்வாத்பா’ செர்பிய மொழியிலேயே எழுதப்பட்டு 2015இல் பிரான்ஸின் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் விழாவரை போயிருக்கிறது. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று 30 எழுத்துகளில் அமைந்த மொழி பாடகருக்கு வரம். ஆனால் அசையழுத்தமும் நெடில் குறிலும் அந்த எழுத்தில் தெரியாது, அங்கேதான் வெளியூர்ப் பாடகர் தடுக்கி விழுவார். இதயத்தைக் குறிக்கும் ‘ஸ்ர்த்சே’ என்ற சொல்லில் ‘ர்’ தானே ஓர் அசை. அதன்மேல் நோட்டு வந்தால் பலர் முன்னே ஓர் உயிரெழுத்தை நுழைத்துவிடுவார்கள். அழுத்தக்குறி போட்ட பாடவரிகள், உலக ஒலிப்பு நெடுங்கணக்கில் ஒரு பிரதி, நிதானமாகப் படித்த ஒலிப்பதிவு ஒன்று, இந்த மூன்றும் போதும்.

1972இல் ரேடியோ பெல்கிராடில் தொடங்கிய மின்னணு ஸ்டூடியோவும் அதன் ‘சிந்தி 100’ என்ற சின்தசைசர் கருவியும் விளாதான் ராதொவானொவிச் போன்றோரின் பணியும் உங்கள் பெரும் செல்வம். டேப்போடு (முன்பே பதிந்த ஒலியோடு) நேரடிக் கருவிகள் சேரும் படைப்புகளுக்கு இன்று தேவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்பு. மாதிரி வீதத்தை (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்தது என்பதை) கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். 44.1இல் பதிந்ததை 48இல் ஓடவிட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும், 10 நிமிட டேப் 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும். மேடையில் இருக்கும் கிளாரினெட் அதோடு எங்கே சேரும்?

பெயர்களையும் ஒழுங்குபடுத்தியாக வேண்டும். ஜோர்ஜெவிச் என்ற பெயரின் முதலெழுத்தைக் குறுக்குக்கோடிட்ட ‘டி’யாக ஒருவர் பதிவார், ‘டி-ஜே’ என இரண்டெழுத்தாக ஒருவர், வெறும் ‘டி’யாக இன்னொருவர், சிரிலிக்கில் வேறொருவர். தரவுத்தளத்தில் ஒரே மனிதர் நால்வராகி, உரிமைத்தொகை வழியிலேயே தங்கிவிடும். உலக அளவில் செல்லும் அடையாள எண்கள் உண்டு: ஒவ்வொருவருக்கும் ஓர் ஐபிஐ எண், ஒவ்வொரு படைப்புக்கும் ஐஎஸ்டபிள்யூசி, ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி. எல்லா வடிவங்களும் ஒரே எண்ணில் கட்டப்படட்டும்.

வரவேற்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் வருத்தத்தோடு. நிகழ்ச்சிக் கையேட்டில் ‘பால்கன் தீ’, ‘போரின் நிழல்’ என்று எழுதிக் கொடுத்தால் விமர்சனத்திலும் அதுவேதான் திரும்பி வரும். இசையமைப்பாளர் ல்யூபித்சா மாரிச் 1950களில் செர்பியத் திருச்சபையின் எட்டு முறை இசைத் தொகுதியிலிருந்து கட்டிய இறுக்கமான ஒலி இந்தச் சொற்களுக்குள் அடங்காது. ஜோர்ஜெவிச்சின் உரசும் ஒலிப்பரப்பும் அடங்காது. குறிப்பை 50, 150, 400 சொற்களில் மூன்று நீளத்தில் தாருங்கள். எந்தக் கருவி எப்படித் தொடங்குகிறது, எங்கே மாறுகிறது, எதைக் கவனித்துக் கேட்கலாம் என்று அதில் எழுதுங்கள். நாட்டு வரலாறு பிறகு வரட்டும்.

நெதர்லாந்தின் டோனெமுஸ் என்ற இசைப் பதிப்பகம் 1947 முதலும் கனடிய இசை மையம் 1959 முதலும் இந்தப் பிரதி வேலையைச் செய்துவருகின்றன. உலக அளவிலான சமகால இசைச் சங்கத்தின் விழாவுக்கு ஒரு நாட்டுப் பிரிவு குறைந்தது நான்கு வகைகளில் ஆறு படைப்புகளை முறைப்படி அனுப்பினால் ஒன்றாவது மேடையேறும் என்பது விதி. தயார்நிலையில் ஆறு தொகுப்புகள் கையில் இருந்தாலே அந்த இடம் உறுதி.

முதலாண்டுக்கு 12 படைப்புகள் போதும். நான்கு ஆர்கெஸ்ட்ரா, நான்கு சிறுகுழு, இரண்டு குரலிசை, இரண்டு மின்னணு. அவற்றில் பாதியாவது இன்று செர்பியாவிலேயே வாழ்பவர்களுடையதாக இருக்கட்டும். நோட்டு எழுதுபவர் இருவர், பிழை பார்ப்பவர் ஒருவர், அனுப்பும் வேலைக்கு ஒருவர் என நான்கு பேரை நியமியுங்கள். பிழை பார்ப்பவர் நோட்டு எழுதியவராக இருக்கக் கூடாது. அடுத்த இசையமைப்பாளர் அரங்குக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர் ஊர் திரும்பும்போது அவர் பையில் படித்துப் பார்ப்பதற்கான ஸ்கோரும் ஒலிப்பதிவும் இருக்கட்டும். அவர் பார்ட்டுகளைக் கேட்டு எழுதும் நாளிலேயே அவை அஞ்சலில் ஏறட்டும்.

இப்படிக்கு,
சமகாலக் கலையிசையைத் தமிழில் எழுதுபவர்களும் கேட்பவர்களும்