அலிக்கு எதிரே நின்றவருக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, முகமது அலி 1980-ல் மெட்ராஸுக்கு வந்து போனதைப் பற்றி முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். நேரு ஸ்டேடியம், எம்.ஜி.ஆர். வந்து உட்கார்ந்து பார்த்தது, ஜனக்கூட்டம் என்று எல்லாம் இருந்தது, ரசித்துத்தான் படித்தேன். ஆனால் படத்துக்குக் கீழே "முகமது அலியும் மற்றொரு வீரரும்" என்று போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்த பிறகு கையிலிருந்த டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

அந்த மற்றொரு வீரரின் பெயர் ஜிம்மி எல்லிஸ். ஊருக்கு வந்த அலியோடு பேருக்கு நாலு குத்து விட்டுக்கொள்ள யாரோ ஒருவரைக் கூட்டிவந்தார்கள் என்றுதான் அந்த வரியைப் படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். அவர் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தவர் சார். அன்றைக்கு நேரு ஸ்டேடியத்தில் ரிங்குக்குள் நின்ற இரண்டு பேருமே முன்னாள் உலக சாம்பியன்கள். இந்த ஊருக்கு அப்படி ஒரு நாள் கிடைத்ததே, அதில் பாதியை உங்கள் படக்குறிப்பு விழுங்கிவிட்டது.

இவ்வளவு கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், என் அப்பா அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர். துறைமுகத்தில் வேலை. சம்பளம் வந்த வாரம் மூர் மார்க்கெட் போய் பழைய ஆங்கிலக் குத்துச்சண்டைப் பத்திரிகைகளைப் பேரம் பேசி வாங்கி வருவார், அட்டை கிழிந்திருந்தால் கோதுமை மாவுப் பசை தடவி ஒட்டி, டிரங்குப் பெட்டியில் அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் வைப்பார். (அம்மாவுக்கு அந்த வாசனையே ஆகாது.) வடசென்னையில் பாக்ஸிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, பரம்பரை பரம்பரையாகக் கிளவுஸ் மாட்டிய குடும்பங்கள் உள்ள பேட்டை இது. தெருமுனை டீக்கடையில் எல்லாரும் அலி கட்சி, அப்பா மட்டும் அலியின் பரம எதிரி ஜோ ஃப்ரேசியர் கட்சி. அலி வந்தபோது அலியைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு போனதும் அவர்தான், அது வேறு கதை.

திரும்பி வந்தவர், அலி தொப்பையோடு இருந்தார் என்றார். அப்புறம், தான் ஆட்டம் முழுக்க எல்லிஸையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அந்த ஆளுடைய கதை இங்கே யாருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னார். எனக்கு அப்போது வயது ஒன்பது. எந்தக் கதை என்று கேட்கத் தோன்றவில்லை. பெரியவனான பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அலியும் எல்லிஸும் ஒரே ஊர்க்காரர்கள், அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில். எல்லிஸின் அப்பா பாதிரியார். சின்ன வயதில் இருவரும் அமெச்சூராக இரண்டு முறை மோதினார்கள், ஆளுக்கொரு வெற்றி. பிறகு ஒருவர் ரோம் ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கி உலகத்தையே கலக்கினார். இன்னொருவர், எல்லிஸ், ஹெவிவெயிட்டைவிட எடை குறைந்த மிடில்வெயிட் பிரிவில் தோற்றுத் தோற்றுச் சலித்துப்போய், அலியின் வாத்தியாரான ஏஞ்சலோ டண்டீக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுதினார். டண்டீ சேர்த்துக்கொண்டார். அதிலிருந்து எல்லிஸுக்கு வேலை, அலிக்கு ஸ்பாரிங் கொடுப்பது, அதாவது பயிற்சிக்கு எதிரே நின்று குத்து வாங்குவது, அலியின் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் சின்ன ஆட்டங்களில் இறங்குவது.

1967-ல் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று அலி மறுத்ததும் பட்டத்தைப் பறித்தார்கள் இல்லையா, காலியான நாற்காலிக்காக உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டு பேரை வைத்து ஒரு போட்டி நடத்தியது. ஃப்ரேசியர் அதில் கலந்துகொள்ள மறுத்துவிட்டார். எல்லிஸை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, ஹெவிவெயிட்டுக்கு உடம்பு கொஞ்சம் சின்ன ஆள் வேறு. லியோடிஸ் மார்ட்டினை முடித்தார், அர்ஜென்டினாவின் பொனவேனாவை இரண்டு முறை கீழே தள்ளி ஜெயித்தார், 1968 ஏப்ரலில் ஓக்லாண்டில் ஜெர்ரி குவாரியோடு 15 ரவுண்டு ஆடி ஜெயித்துப் பட்டத்தை எடுத்தார். நேற்றுவரை ஸ்பாரிங் கொடுத்துக்கொண்டிருந்தவர் இன்றைக்கு உலக சாம்பியன்!

1970 பிப்ரவரியில் ஃப்ரேசியரோடு ஆட்டம். நாலாவது ரவுண்டில் எல்லிஸ் இரண்டு முறை விழுந்தார், அதுவரை தொழில்முறை ஆட்டத்தில் அவர் கீழே விழுந்ததே கிடையாது. ஐந்தாவது ரவுண்டுக்கு டண்டீ அனுப்பவில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் அதே ஃப்ரேசியரிடம் அலி தோற்றார், பதினைந்தாவது ரவுண்டில் அந்த இடது ஹூக் வாங்கி மல்லாந்து விழுந்த படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜூலையில் ஹூஸ்டனில் அலியும் எல்லிஸும் நேருக்கு நேர்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டண்டீ இருவருக்கும் வாத்தியார், எந்த மூலையில் நிற்பது? அவர் எல்லிஸின் மூலையில் போய் நின்றார், ஏனென்றால் எல்லிஸுக்கு அவர் மேனேஜரும்கூட. அலிக்கு வேறு ஆள் தண்ணி கொடுத்தார். பன்னிரண்டாவது ரவுண்டில் எல்லிஸ் தள்ளாடிக்கொண்டு நிற்கிறார், அலி கையை ஓங்கியபடி நடுவரைப் பார்க்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது, நடுவர் வந்து நிறுத்துகிறார். பழைய சினேகிதனைக் கடைசிக் குத்தில் சாய்க்க அலிக்கு மனசு வரவில்லை என்று எனக்குப் படுகிறது, ஆயிரம் தடவை பார்த்தாலும் அப்படித்தான் படுகிறது.

1975-ல் மெல்பர்னில் எல்லிஸுக்கு மறுபடி ஃப்ரேசியர், ஒன்பதாவது ரவுண்டில் தோல்வி. அதே வருஷம் பயிற்சியில் கண்ணில் அடிபட்டு, ஒரு கண்ணில் பார்வை பெரும்பகுதி போய் ஓய்வு பெற்றார். அப்படியென்றால், 1980-ல் மெட்ராஸில் அலிக்கு எதிரே நின்றவர் ஒரு கண்ணை நம்பி நின்றவர். காட்சி ஆட்டம்தான், யாரும் யாரையும் உண்மையில் அடிக்கப்போவதில்லை, சரி. இருந்தாலும் கிளவுஸ் கிளவுஸ்தானே.

பழைய குத்துச்சண்டைமேல் எங்களைப் போன்ற ஆட்களுக்கு உள்ள பைத்தியம் ஜெயித்தவர்களை எண்ணுவதற்காக இல்லை. எதிரே நின்றவன் யார் என்று தெரியாமல் ஒரு ஆட்டத்தை எப்படி ரசிக்க முடியும்? 1889-ல் வெறும் கையால் ஆடிய கடைசி உலகப் பட்ட ஆட்டத்தில், மிசிசிப்பியின் ஜூலை வெயிலில் ஜான் எல். சல்லிவன் 75 ரவுண்டு நின்று ஜெயித்தார் என்பார்கள். அப்போது ஆள் கீழே விழுந்தால்தான் ரவுண்டு முடியும். அப்படியானால் 75 தடவை அவருக்கு எதிரே எழுந்து வந்து நின்ற ஜேக் கில்ரெயின்?

1938-ல் ஜோ லூயிஸ் 124 விநாடியில் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கைத் தரையில் உருட்டினார், ஹிட்லர் மூக்குடைபட்டார் என்று எழுதுவார்கள். அதே ஷ்மெலிங் இரண்டு வருஷத்துக்கு முன்னால் லூயிஸைப் பன்னிரண்டாவது ரவுண்டில் சாய்த்தவர். தோற்று ஊர் திரும்பிய அதே வருஷம் நவம்பரில், யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் நாஜிகள் அடித்து நொறுக்கியபோது, இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் ஓட்டல் அறையில் ஒளித்துவைத்தார். பிற்காலத்தில் கையில் காசில்லாமல் கிடந்த லூயிஸுக்கு உதவினார், 1981-ல் லூயிஸ் இறந்தபோது இறுதிச் செலவிலும் பங்கு கொடுத்தார்.

அலியும் ஃப்ரேசியரும் மூன்றாவது முறையாக மோதிய மணிலா ஆட்டமும் அப்படித்தான். 1975 அக்டோபர் 1, காலை ஆட்டம், புழுக்கம். பதினாலு ரவுண்டு முடிந்து ஃப்ரேசியர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். வலது கண் வீங்கி மூடிவிட்டது, இடது கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல். போகிறேன், போகிறேன் என்கிறார். உட்கார் மகனே, முடிந்தது, இன்றைக்கு நீ இங்கே செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள் என்று சொல்லி வாத்தியார் எடி ஃபட்ச் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அந்த மூலையைச் சொல்லாமல் மணிலாவை அலியின் வெற்றி என்று இரண்டு வரியில் முடிக்கிற கட்டுரைகளை (உங்கள் பத்திரிகையிலும் ஒன்று வந்தது) நான் பாதியில் மடித்து வைத்துவிடுவேன்.

எல்லிஸுக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு லூயிவிலில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், நகரின் பூங்காத் துறையில் வேலை பார்த்தார். வாங்கிய குத்தெல்லாம் வயதான காலத்தில் தலைக்குள் வேலையைக் காட்டியது, ஞாபகம் போய்விட்டது. இறந்துபோன மனைவி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். 2014 மே மாதம் போய்ச் சேர்ந்தார், 74 வயது. அலி அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அலி இறந்தபோது உங்கள் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது, போட வேண்டியதுதான். எல்லிஸ் இறந்த வாரம் நான் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், முழுக்க ஐ.பி.எல்.

திருத்தம் போடுவீர்களானால் சின்னதாகப் போட்டாலும் போதும். இரண்டாம் பக்கத்தில், வழக்கமாகத் திருத்தம் வருகிற அந்த மூலையில், "படத்தில் முகமது அலியுடன் இருப்பவர் முன்னாள் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜிம்மி எல்லிஸ்" என்று ஒரு வரி. அப்பாவின் டிரங்குப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வெட்டி அதில் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
புதுவண்ணாரப்பேட்டை