ஜில் ஜில் ரமாமணி கேட்ட கேள்வி

அன்புள்ள மனோரமா ஆச்சிக்கு,

அக்டோபர் 10 வந்துவிட்டது. நீங்கள் போன 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் இதே நாளில் ஆயிரம் படம், ஐந்து முதல்வர்களுடன் நடித்தது, கின்னஸ் சாதனை என்று ஒரே பட்டியல்தான் சுற்றுகிறது. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு நீங்கள் நடித்த நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணிதான் முக்கியம். 1968, 'தில்லானா மோகனாம்பாள்'. இந்த நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று நாயனக் கலைஞர் சிக்கலாரை, அதாவது சிவாஜியை, கேட்பீர்களே! தாளில் அது அசட்டுக் கேள்வி. குரலில் துளி சிரிப்பு கலந்திருந்தால் அங்கேயே செத்திருக்கும். ரமாமணிக்குப் பதில் நிஜமாகவே வேண்டும் என்பதுபோலக் கேட்டீர்கள். நாடகக்காரி என்பதால் எதிரில் நிற்பவரிடமும் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில்தான் பேசுகிறாள். பள்ளத்தூரிலிருந்து மேடையேறிய உங்களுக்கு அந்தக் குரலை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று மிமிக்ரி செய்பவர்கள் அந்த இழுவையை மட்டும் பிடிக்கிறார்கள், வியப்பை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் யாருக்கும் தேறுவதில்லை.

அதே ஆண்டு 'பொம்மலாட்ட'த்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' என்று சென்னைத் தமிழ். 1992-ல் 'சின்ன கவுண்ட'ரில் எத்துப்பல்லோடு கொங்குத் தமிழ். பொய்ப்பல் வைத்தால் உதடு சரியாக மூடாது, ப-வும் ம-வும் குழறும். உங்களுக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை.

இப்படிப்பட்டவர் ஏன் ஆச்சி, வந்த அம்மா வேடத்தையெல்லாம் ஏற்றுக்கொண்டீர்கள்? அழுது, சாபம் விட்டு, மகனை மன்னிக்கிற அதே அம்மா! கோபமாகத்தான் கேட்கிறேன். ஆனால் வேறு என்ன எழுதிக்கொண்டு வந்தார்கள்? கைதட்டி அதையே இன்னும் கேட்டவர்கள் ரசிகர்களாகிய நாங்கள். மன்னியுங்கள். 1990-ல் 'நடிகன்' வந்தபோது, காதலிக்க ஆசைப்படும் முதிர்கன்னியாக நீங்கள் எவ்வளவு துள்ளினீர்கள்! அதைப் பார்த்த பிறகும் அதுபோல நாலு கதை யாருக்கும் தோன்றவில்லையே.

1996 தேர்தல் மேடையில் ரஜினியை எதிர்த்து நீங்கள் பேசியது பற்றி, பலர் படிக்கிற இடத்தில் நான் எழுதப்போவதில்லை. அடுத்த ஆண்டே ரஜினியோடு நீங்கள் நடித்த 'அருணாசலம்' வந்தது. அது போதும்.

நீங்கள் திரையில் அறிமுகமான 'மாலையிட்ட மங்கை' 1958-ல். 'புதிய பாதை'க்குத் தேசிய விருது கிடைத்தபோது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அதுவும் துணை நடிகை என்ற பிரிவில். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் உங்களைக் கதாநாயகியாக்க மாடர்ன் தியேட்டர்ஸுக்கு இருந்த துணிச்சல், அதற்குப் பிறகு வந்த பெரிய கம்பெனிகளுக்கு ஏன் இல்லாமல் போனது, ஆச்சி?