ஆண்டறிக்கை 2024–25

நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கொசு மருந்து, பாதாளச் சாக்கடை மனு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மனுவும் வழக்கம்போல் நிலுவையில் இருக்கிறது.

பிப்ரவரியில் கே.வி.குப்பம் அருகே, கோவை–திருப்பதி இன்டர்சிட்டி ரயிலின் பெண்கள் பெட்டியில் இருந்த கர்ப்பிணியிடம் அத்துமீறிய ஒருவன், அவரை ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். வயிற்றுச் சிசு பிழைக்கவில்லை. நம் காட்பாடிப் பெண்கள் அன்றாடம் போய்வரும் பாதை அது. உடனே சிறப்புக் கூட்டம் கூட்டினோம். கூடுதல் தெருவிளக்கு, பஸ் நிறுத்தத்தில் கேமரா என்று தீர்மானத்தை நான் எழுதியே வைத்திருந்தேன். பாதி வாசிப்பதற்குள், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். "செயலாளரே, என் மகளை இடித்துவிட்டுப் போனவன் பட்டப்பகலில், நிறைந்த பஸ்ஸில் போனான். அங்கே உங்கள் விளக்கு என்ன செய்யும்?"

அதன்பின் ஒரு மணி நேரம் பெண்கள்தான் பேசினார்கள். கைப்பையில் ஊக்கு வைத்திருப்பவர். ஒருவனுக்குப் பயந்து ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருபவர். பின்வரிசையிலிருந்து பேசியவர்களில் என் மனைவியும் ஒருவர். அவர் சொன்னது எனக்கு அன்றுதான் தெரியும். குறிப்பேட்டில் நான் 'கேலி கிண்டல்' என்று எழுதியிருந்ததை அடித்து, 'பாலியல் துன்புறுத்தல்' என்று திருத்தினார்கள்.

வழக்கறிஞரான உறுப்பினர் ஒரு செய்தி சொன்னார். தென்காசி பேருந்து நிலையத்தில் நடந்த சம்பவம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் பிறப்பித்த உத்தரவின்படி, பஸ்ஸில் துன்புறுத்தப்பட்ட பெண் கேட்டால், ஓட்டுநரும் நடத்துநரும் பஸ்ஸை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தவறினால் பர்மிட்டையே ரத்து செய்யலாம். கூட்டத்தில் வேறு எவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை, பஸ்ஸிலேயே காலம் தள்ளிய எனக்கும்தான்.

இதைத் துண்டறிக்கையாக அச்சிட்டு, வேலூர் பழைய பேருந்து நிலையத்தில் கொடுத்தோம். வாங்கிப் படித்த நடத்துநர் ஒருவர், "வண்டியைத் திருப்பினால் மற்ற பயணிகள் என்னோடுதான் சண்டைக்கு வருவார்கள்" என்றார். அதில் உண்மை இருக்கிறது. அலுவலக நேரத்தில் நானும் முணுமுணுத்திருப்பேன். ஆகவே அடுத்த துண்டறிக்கையைப் பயணிகளுக்கென்றே எழுதினோம். அதில் அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 ஆகிய எண்களும் ரயிலுக்கான 139உம் உள்ளன.

விளக்குத் தீர்மானமும் நிறைவேறியது. பஸ் நிறுத்தத்து விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. புங்கமரக் கிளை மறைத்திருந்தது. கிளையை வெட்டியாயிற்று.

நிர்வாகக் குழுவில் இதுவரை பெண்கள் இல்லை. இன்றைய தேர்தலில் மூன்று இடங்களுக்குப் பெண்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்